கம்பஸ் காய்ச்சல்

வெள்ளவத்தை
08.06.2025

அன்புள்ள தங்கச்சி ஜீவராணிக்கு,

இறைவன் அருளால் நானும் உன் மச்சாளும் நலம். அவவின் முழங்கால் நோவு மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. உன் உடல்நிலை எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு.

மூன்று தரம் தொலைபேசியில் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். மிதுனாவின் முதலாம் ஆட்டைத் திவசம் ஐப்பசியில் வருகிறது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அச்சிட நீ விடவில்லை. வருட முடிவிலாவது முறைப்படி நினைவு மலராக ஒரு கல்வெட்டு வெளியிட வேண்டும். உன் ஒழுங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளின்ரனின் அச்சகத்தில் பேசிவிட்டேன். நாற்பது பக்கம். தேவாரம், என் முன்னுரை, உறவினர் அஞ்சலி, படங்கள். நடுவில், 'பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த ஆண்டு' என்ற தலைப்பில் தாயின் நினைவுகள் ஒரு பக்கம். அதை நீ எழுத வேண்டும். பிழை வந்தால் பரவாயில்லை, நான் திருத்துவேன்.

எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகம் புகுந்த முதல் பெண் உன் மகள். இறந்துபோனாள் என்பதற்காக அந்தப் பெருமையையும் சேர்த்து எரித்துவிட முடியாது.

அன்பு அண்ணன்,
க. கதிர்காமநாதன்
நில அளவையாளர் (ஓய்வு)


கொட்டாஞ்சேனை
17.06.2025

அண்ணைக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் நலம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் கேட்கவில்லை. மச்சாளின் முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஒரு பஸ் ஏறினால் உங்கள் வாசலில் இறங்கலாம். ஆனால் நேரில் வந்தாலும் போனில் கதைத்தாலும் உங்களுக்கு முன்னால் என் வாயில் ஓம் என்பதைத் தவிர வேறொன்றும் வராது. நாற்பது வருடப் பழக்கம். கடிதத்தில்தான் எனக்கு இல்லை என்று எழுத வருகிறது. இனி இப்படியே இருக்கட்டும்.

தாயின் நினைவுகள் கேட்டிருக்கிறீர்கள். நான் ஏழாம் வகுப்பு. அதை நான் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். என் கலியாணத்தில், மிதுனா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், அவளுடைய ஏ.எல். பரீட்சை முடிவு வந்த அன்று, வந்தவர்கள் எல்லோரிடமும் "உவள் ஏழாம் வகுப்புத்தான், ஆனா பிள்ளையைப் பாருங்கோ" என்றீர்கள். என்னைப் புகழ்கிறோம் என்ற நினைப்பு உங்களுக்கு. வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேக் சாப்பிட்டார்கள்.

அவள் கம்பஸில் இருந்தது தொண்ணூற்றொரு நாள். கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். அதற்கு முன் இருபத்தொரு வருடம் இந்த வீட்டில் இருந்தாள். அதைப்பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு பக்கம் கேட்கவில்லை. பாமன்கடையில் ஒரு மருந்துக்கடையில் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட் போட்டு நிற்கலாம் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தாள். நீங்கள்தான் "கம்பஸ் கிடைச்ச பிள்ளை குளிசை எண்ணுறதோ" என்றீர்கள்.

எழுத மாட்டேன். சாறிக்குக் கரை தைக்கிற வேலை மேசை நிறையக் கிடக்கிறது.

ஜீவராணி
ஏழாம் வகுப்பு (ஓய்வு)


வெள்ளவத்தை
29.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். உன் கடிதத்தின் தொனி என் மனதை நோகச் செய்தது. துக்கத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்கிறேன். இரத்த அழுத்தம் பார்த்தாயா? பார்க்கவும்.

நீ எழுதாவிட்டால் உன் பெயரில் நான் எழுதுவதில் தவறில்லை. எழுதிவிட்டேன். கீழே தருகிறேன். சரி என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

'என் உதரத்தில் உதித்த நித்திலமே, கலைமகளின் கடைக்கண் பார்வையால் நீ சர்வகலாசாலை வாசலில் காலடி வைத்த அந்த ஆண்டை எண்ணுந்தோறும் ஈன்றவள் நெஞ்சம் பூரிக்கிறது. மாமாவின் கரம்பற்றி நீ புறப்பட்ட பொன்னாளை மறப்பேனோ? மூத்த மாணவரின் அரவணைப்பிலும் சக மாணவியரின் அன்பிலும் நீ மலர்ந்திருந்த வேளையில், திடீர்ச் சுகவீனம் என்னும் சூறாவளியில் உதிர்ந்தனையே.'

அன்பு அண்ணன்,
க. கதிர்காமநாதன்


கொட்டாஞ்சேனை
10.07.2025

அண்ணைக்கு,

இரத்த அழுத்தம் பார்த்தேன். உங்கள் கடிதம் வருகிறவரைக்கும் சரியாக இருந்தது.

உதரம், நித்திலம் இரண்டும் எனக்கு விளங்கவில்லை. மேல்மாடியில் இருக்கிற ரீச்சரிடம் காட்டினேன். உதரம் வயிறாம், நித்திலம் முத்தாம். என் வயிற்றில் முத்து. ஸ்கான் எடுத்துவிட்டுக் கல் இருக்கிறது என்று சொல்வதுபோல இருக்கிறது. ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

என் மகள் உதிரவில்லை. பூ உதிரும். அவள் செத்தாள்.

மூத்த மாணவரின் அரவணைப்பு என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? அவர்கள் செய்த அரவணைப்பை நான் சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்து இரண்டு பின்னல். காலுக்கு றப்பர் செருப்பு. நடக்கும்போது தலை குனிந்துதான் நடக்க வேண்டும். எழுபது சீனியர்மாரின் பெயரும் ஊரும் பாடமாக்க வேண்டும். ஒன்று பிசகினால் வெயிலில் முழங்காலில் நிற்க வேண்டும். அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை நான் எழுத மாட்டேன். அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவள் திரும்பிப் பார்க்கலாம், மிதுனா என்று கூப்பிட்டால் பார்க்கக்கூடாது.

இரண்டாம் கிழமை போனில் அழுதாள். அன்றைக்கே உங்களுக்குச் சொன்னேன். "பகிடிவதை எண்டது எல்லாருக்கும் உள்ளதுதான் ராணி. மூண்டு மாதம் பல்லைக் கடிச்சாளெண்டா முப்பது வருசத்துக்கு மரியாதை" என்றீர்கள். நான் ஓம் என்றேன். நீங்கள் எந்தக் கம்பஸில் பல்லைக் கடித்தீர்கள் அண்ணை? நீங்கள் நிலம் அளக்கப் பழகப் போனவர். அங்கே உங்களை முழங்காலில் வைத்தது அளவுச் சங்கிலி பிடிக்க மட்டும்தானே.

அந்த வருடத்தைப்பற்றித்தானே பக்கம் வேண்டும்? சரி. நானே எழுதுகிறேன். நீங்கள் திருத்தக்கூடாது.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜீவராணி


கொட்டாஞ்சேனை
02.08.2025

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற பகுதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது நன்றாக வரும். பக்கம் எழுதிவிட்டேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன், நாலாம் தரம் இப்படி வந்தது.

'போன வருடம் ஜூலையில் என் மகள் மிதுனா கம்பஸுக்குப் போனாள். ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாள். இனிப் போக மாட்டேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமா வந்தார். "என்ன பிள்ளை, காய்ச்சலாமே? உது நுளம்புக் காய்ச்சல் இல்லை, கம்பஸ் காய்ச்சல். பஸ்ஸில ஏறினா மாறீடும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமா தன்னுடைய காரில் கொண்டுபோய் அவளை பஸ்ஸில் ஏற்றினார். வியாழக்கிழமை கம்பஸ் இருந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தாள். டெங்கு.'

இவ்வளவுதான். இதைத் திவசத்துக்கு வருகிற எல்லோரும் வாசிக்க வேண்டும். உங்களுடைய ஆட்கள் முக்கியமாக.

ஜீவராணி


வெள்ளவத்தை
27.08.2025

தங்கச்சி,

நலம் என்று எழுத வரவில்லை. நித்திரை இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வாய், ஆனாலும் கேட்கிறேன்.

அந்தச் சொல்லை அச்சில் போடப்போகிறாயா? நான் சொன்னது ஒரு பகிடி. பயந்துபோயிருந்த பிள்ளையைத் தேற்றச் சொன்னது. அதைச் சொல்வதற்கு முன் நான் என்ன செய்தேன் என்பதை நீ எழுதவில்லை. மேசையில் தெர்மோமீற்றர் கிடந்தது. எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்தில் நின்றது. நான் வாழ்நாள் முழுவதும் கருவியை நம்பி வேலை செய்தவன். ஆள் சொல்வதை நம்புவதில்லை, அளவைத்தான் நம்புவேன். காய்ச்சல் ஏறியிருந்தால் பஸ்ஸுக்கு அல்ல, நேரே வெள்ளவத்தையில் ஒரு நேர்சிங் ஹோமுக்குத்தான் கொண்டுபோயிருப்பேன். நீயும் பக்கத்தில் நின்றாய்.

எழுதுவதென்றால் முழுவதையும் எழுது.

அண்ணன்


கொட்டாஞ்சேனை
08.09.2025

அண்ணைக்கு,

நித்திரை வராவிட்டால் பால் குடியுங்கள். எனக்கு அது சரிவரவில்லை, உங்களுக்குச் சரிவரலாம்.

அங்கே அவர்கள் செய்ததும் பகிடி, இங்கே நீங்கள் சொன்னதும் பகிடி. எல்லோரும் அவளோடு பகிடி விட்டுத்தான் இருந்திருக்கிறீர்கள். அவளுக்குத்தான் சிரிக்கத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை றிப்னா வந்தாள். கிருலப்பனைப் பிள்ளை, மிதுனாவோடு ஒரே அறையில் இருந்தவள். செத்தவீட்டுக்கு வரப் பயமாக இருந்ததாம், இப்போதுதான் தைரியம் வந்ததாம். பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

திங்கள் காலை மிதுனா போய் இறங்கும்போதே முகம் சிவந்திருந்ததாம். செவ்வாய்க்கிழமை நடுங்கினாளாம். "வா, டொக்டரிட்டப் போவம்" என்று றிப்னா கையைப் பிடித்து இழுத்தாளாம். அதற்கு இவள் "வீட்டில அளந்து பாத்தவை றிப்னா, காய்ச்சல் இல்லையாம்" என்றாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். பிறகு சீனியர்மாரின் பெயர் சொல்லப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். புதன் காலை விழுந்தாள்.

"ஆன்ரி, அளந்தது ஆர்?" என்று றிப்னா கேட்டாள்.

அவளுடைய மாமா என்று சொன்னேன். பெரிய அளவைக்காரர் என்றும் சொன்னேன்.

பக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்.

ஜீவராணி


வெள்ளவத்தை
14.10.2025

ராணி,

உனக்குச் சுகம் வேண்டும். எனக்கு இனி அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்து ஐந்து கிழமையாகிவிட்டது. மச்சாள் வாசித்துவிட்டு என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டா.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவளை பஸ் ஏற்றிவிட்ட அன்று மாலை கடற்கரையில் என்னோடு நடக்கிறவர்களிடம் அந்தப் பகிடியைச் சொன்னேன். கம்பஸ் காய்ச்சல். நன்றாகச் சிரித்தார்கள். ஒருவர் தன் பேரனுக்கும் அதே காய்ச்சல் என்றார். ஐந்து நாள் கழித்து அதே ஆட்கள் செத்தவீட்டுக்கு வந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் கடற்கரைப் பக்கம் போனதில்லை.

கிளின்ரனுக்குச் சொல்லிவிட்டேன். உன் பக்கம் நீ எழுதியபடியே வரட்டும். 'மாமா' என்று மட்டும் வேண்டாம், என் முழுப் பெயரையும் போடு. தெர்மோமீற்றர் பற்றிச் சேர்க்க வேண்டாம். அது சாட்டுச் சொல்வதாகிவிடும். அளவு பிழையானாலும் பார்த்தவன் நான். என் முன்னுரையை எடுத்துவிட்டேன்.

அண்ணன்


கொட்டாஞ்சேனை
22.10.2025

அண்ணைக்கு,

மச்சாள் கதைக்காவிட்டால் நீங்கள் கதையுங்கள்.

நீங்கள் இப்படி ஒத்துக்கொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வழக்குப் பேசுவீர்கள், ஆட்களை அனுப்புவீர்கள், முன்னுரையை ஐந்து பக்கமாக்குவீர்கள் என்று இருந்தேன். அதற்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன்.

கிளின்ரன் பக்கத்தை அடித்து, பிழை பார்க்கக் கொண்டுவந்து தந்தான். உங்கள் பெயர் கறுப்பாகப் பெரிதாக வந்திருந்தது. "அக்கா, மெய்யாவே இப்பிடிப் போடுறதோ? கல்வெட்டில ஒருத்தரும் இப்பிடிப் போடுறேல்லை" என்றான். "பெத்தவளுக்கு இல்லாத நோ உமக்கு என்ன தம்பி?" என்று கேட்டேன். சரி என்று எழுதி ஒப்பம் வைக்கச் சொன்னான். பேனையை எடுத்தேன். பிறகு நாளைக்கு வாரும் என்றேன். அடுத்த நாளும் வந்தான். கண்ணாடி இல்லை என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

ஜீவராணி


வெள்ளவத்தை
28.10.2025

ராணி,

கிளின்ரன் அழைத்துச் சொன்னான், நீ இன்னும் ஒப்பம் வைக்கவில்லையாம். திவசத்துக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?

இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் இன்னும் என்ன குறைகிறது? என் பெயர் போட்டது போதாதா?

அண்ணன்


கொட்டாஞ்சேனை
01.11.2025

அண்ணைக்கு,

இந்த முறை உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது. கேட்க எனக்குத் தகுதி இல்லை.

குறைகிறது என் பெயர்.

அந்த ஞாயிறு காலை அவளுக்கு நூற்றிரண்டு. இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன், இரண்டு தரமும் நூற்றிரண்டு. கீழே உங்கள் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு படியில் உங்கள் சப்பாத்துச் சத்தம். நூற்றிரண்டு என்றால் நீங்கள் அவளை மறிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் உங்களை நான் குறைவாக நினைத்ததில்லை. மறித்தால் அவள் பிறகு போக மாட்டாள் என்பதும் தெரியும். முதல்நாள் சனிக்கிழமை முழுக்கப் போக மாட்டேன் என்று என் காலைப் பிடித்தவள். ஏழாம் வகுப்புக்காரியின் பிள்ளை மூன்று மாதத்தில் ஓடிவந்துவிட்டது என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்க வேண்டி வரும். அதை நினைத்தேன். நீங்கள் மூன்றாம் படிக்கட்டு ஏறி வருவதற்குள் தெர்மோமீற்றரை உதறி, இரசத்தைக் கீழே இறக்கி, மேசையில் வைத்தேன். நீங்கள் எடுத்துப் பார்த்தீர்கள். பகிடி சொன்னீர்கள். எல்லோரிலும் கூடச் சிரித்தவள் நான்தான்.

ஓகஸ்டில் நீங்கள் தொண்ணூற்றைந்து என்று எழுதினீர்கள். நான் அதை வாசிக்காததுபோல றிப்னாவைப் பற்றி எழுதினேன்.

உங்களைக் கேவலமாக நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. காலையில் எழும்பும்போது அதுதான் முதலில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பி, தைத்து, சமைத்து, ஒரு வருடம் போய்விட்டது. நீங்கள் வழக்குப் பேசியிருந்தால் இன்னும் பத்து வருடம் அப்படியே போயிருக்கும். முழுப் பெயரையும் போடு என்று எழுதிக் கெடுத்துவிட்டீர்கள்.

உங்களில் குறை இல்லை என்று சொல்லவில்லை. சுகமான உடம்புக்கும் தொண்ணூற்றெட்டுக்குக் கிட்டக் காட்டும், தொண்ணூற்றைந்து உதறி வைத்த தெர்மோமீற்றரின் அளவு என்று போன கிழமை டிஸ்பென்சரியில் நேர்ஸ் சொன்னா. வாழ்நாள் முழுவதும் அளந்தவருக்கு அது மனதில் தட்டவில்லை. அவளுடைய நெற்றியில் ஒரு கை வைத்தும் நீங்கள் பார்க்கவில்லை. நான் வைத்துப் பார்த்தேன். சுட்டது.

இன்று காலை நானே அச்சகத்துக்குப் போனேன். உங்கள் பகிடியும் பெயரும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அதற்கு முன்னால் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். 'அவளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல் இருந்தது. மாமா கதிர்காமநாதன் பார்க்க முன்னர் தாய் ஜீவராணி தெர்மோமீற்றரை உதறிவிட்டாள்.' கிளின்ரன் அடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான். "அக்கா, இது வேண்டாம். சனம் என்ன கதைக்கும்?" என்றான். "ஒரு வருசமா நான் கதைச்சனான். இனிச் சனம் கதைக்கட்டும்" என்றேன். ஒப்பம் வைத்துவிட்டேன். றிப்னாவுக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். அவள் கேட்ட கேள்விக்கு நான் சரியான ஆளைச் சொல்லவில்லை.

நீங்கள் திவசத்துக்கு வராவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் அந்தப் பக்கத்தில் போடவில்லை. அது ஊருக்கு வேண்டாம், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் உதறும்போது மிதுனா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அம்மா என்று கேட்கவில்லை. நீங்கள் கதவைத் தட்டினீர்கள். "மாமா வந்திட்டார்" என்று சொல்லிவிட்டு, எழும்பி முகம் கழுவப் போனாள்.

ஜீவராணி